யாராவது வாங்க

விசாரணைக்கு வரும்போதுகூட சட்டையை இஸ்திரி போட்டுத்தான் மாட்டிக்கொண்டு வந்தேன், மேடம். தப்பாக நினைக்காதீர்கள், தொழில் பழக்கம். நான் இன்ஷூரன்ஸ் சர்வேயர். எரிந்துபோன கடை, இடிந்து விழுந்த சுவர், மிஷினில் கையைக் கொடுத்த ஆள் என்று ஏதாவது கெட்டது நடந்த இடத்துக்குத்தான் என்னைக் கூப்பிடுவார்கள். அங்கே கசங்கின சட்டையோடு போய் நின்றால் ஜனங்கள் வாயைத் திறக்க மாட்டார்கள்.

உங்கள் காக்கிச் சட்டையில் பேச்சியம்மாள் என்று இருக்கிறது. பேச்சில் தென்காசி வாடை அடிக்கிறது. எதிரே இருக்கிறவர் எதை மறைக்கிறார் என்று பார்த்தே பிழைத்தவன் நான். அதனால்தான் நீங்கள் முதல் நாளே என்னைச் சந்தேகப்பட்டது எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் கீழ்வீட்டுத் தணிகாசலம் சார் பாத்ரூமில் விழுந்து இறந்துபோன அன்று, வந்தவர்கள் எல்லாரும் என் முகத்தைப் பார்த்து ஆறுதல் சொன்னார்கள். நீங்கள் மட்டும் என் பேண்ட்டைப் பார்த்தீர்கள். தரையில் கிடந்தவரைத் தூக்கப் பார்த்தேன் என்று சொல்லியிருந்தேன். ஈரத் தரையில் மண்டி போடாமல் யாரும் யாரையும் தூக்க முடியாது. என் முழங்கால் இரண்டும் காய்ந்திருந்தன. உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் பார்த்திருப்பேன்.

என் பையன் சுஹாஸைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். ஒரே பையன். அடையாறில் ப்ளஸ் டூ படிக்கிறான். தி.நகரில் ஐ.ஐ.டி. கோச்சிங்குக்கு அனுப்பிப் பார்த்தோம். கொஞ்ச நாளில் அவர்களே கூப்பிட்டு, பையன் கெட்டிக்காரன், ஆனால் பரீட்சைக்கான பையன் இல்லை என்றார்கள். கேள்வித்தாளைக் கொடுத்தால் விடையைத் தேட மாட்டான், கேள்வி சரியா என்று யோசிக்க உட்கார்ந்துவிடுவான். அந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்று அமெரிக்காவில் சில இன்ஜினியரிங் காலேஜ்கள் உண்டு. நூறு பேர் கேட்டால் நாலைந்து பேருக்கு இடம். அந்த நாலைந்தில் இவன் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதில் தப்பு இல்லையே.

ஆழ்வார்பேட்டையில் ஜுவேரியா என்று ஒரு பெண் இருக்கிறாள். அமெரிக்காவில் படித்துவிட்டுத் திரும்பி வந்து, பிள்ளைகளின் விண்ணப்பங்களுக்கு ஆலோசனை சொல்கிறாள். நல்ல பெண். அவளை இதில் இழுக்க வேண்டாம். முதல் நாளே தெளிவாகச் சொன்னாள்.

"மார்க் எல்லார்கிட்டயும் இருக்கு அங்கிள். ரோபோ செய்யாத பையனே இப்ப சென்னைல கிடையாது. இவன் செஞ்சது யாருக்காவது உபயோகப்பட்டுதா? அதைத்தான் பார்ப்பாங்க."

சுஹாஸ் ஒரு பெட்டி செய்திருந்தான். காமாக்ஷியின், அதாவது என் மனைவியின் அத்தை திருவல்லிக்கேணியில் தனியாக இருந்தவள். பாத்ரூமில் விழுந்து, மறுநாள் பால்காரர் கதவைத் தட்டும்வரை அப்படியே கிடந்தாள். அந்தத் துக்கத்துக்குப் போய்வந்ததிலிருந்து பையன் எலக்ட்ரானிக் சாமான் விற்கும் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கும் வீட்டுக்குமாக அலைந்தான். கடைசியில் சோப்பு டப்பா அளவில் ஒன்று செய்தான். பாத்ரூம் சுவரில் கணுக்கால் உயரத்தில் மாட்டிவிட வேண்டும். கேமரா கிடையாது, மானம் போகாது. ஆள் விழுந்து எழுந்திருக்காவிட்டால் அதற்குத் தெரிந்துவிடும். வேண்டியவர்களின் போனுக்குச் செய்தி போகும். பெட்டியும் சத்தம் போடும். சைரன் வைத்தால் வயதானவர்கள் பயப்படுவார்கள் என்று தன் குரலையே பதிவு செய்து வைத்தான். "தாத்தா விழுந்துட்டார், யாராவது வாங்க." அவ்வளவுதான், திரும்பத் திரும்ப.

மந்தைவெளியில் எங்கள் அபார்ட்மெண்ட் பழசு. கீழ்வீட்டில் தணிகாசலம் சார் தனியாக இருந்தார். துறைமுகத்தில் க்ரேன் ஓட்டி ரிடையர் ஆனவர். மனைவி இல்லை, மகள் கோயம்புத்தூரில். அவர் வீட்டு மாற்றுச் சாவி எங்கள் வீட்டு ஆணியில்தான் தொங்கும். சுஹாஸ் பெட்டியோடு போய் நின்றதும் அவர் சிரித்தது மாடி வரை கேட்டது.

"இன்னா நைனா, நான் வுழுவேன்னு முடிவே பண்ட்டியா?"

"இல்ல தாத்தா, சும்மா ஒரு பாதுகாப்புக்கு."

"மாட்டு, மாட்டு. நீ ஃபாரின் போறதுக்கு ஆவும்னா இன்னா வேணா மாட்டு."

மாட்டினான். இன்னும் சில வீடுகளிலும் மாட்டினான். மாதங்கள் போயின. யாரும் விழவில்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் விண்ணப்பத்தில் எழுத ஒன்றும் இல்லை. ஜுவேரியா பென்சிலால் மேஜையைத் தட்டிக்கொண்டே கேட்டாள். "பெட்டி பிரமாதம் அங்கிள். ஆனா இதுவரைக்கும் யாரைக் காப்பாத்தியிருக்கு?"

மற்றப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று விசாரித்தேன். சும்மா இருக்க முடியவில்லை. பெசன்ட் நகரில் ஒரு பையன் குப்பத்துக் குழந்தைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித் தருவதாகப் போட்டிருந்தான். நேரில் போய்ப் பார்த்தேன். ஒரு நாள் வந்திருக்கிறான், போட்டோ எடுத்திருக்கிறான், போய்விட்டான். இன்னொரு பெண்ணின் ஆராய்ச்சிக் கட்டுரையை அவளுடைய சித்தப்பா எழுதியிருந்தார். யாரைத் தோண்டினாலும் ஒரு பொய் கிடைத்தது. என் பையனோடு ஓடுகிறவர்கள் எல்லாரும் பாதி வழியில் ஆட்டோ பிடித்துப் போய்க்கொண்டிருந்தார்கள், இவன் மட்டும் வெறுங்காலில் ஓடிக்கொண்டிருந்தான்.

தணிகாசலம் சாருக்கு இந்தக் கவலை எப்படியோ தெரிந்துவிட்டது. ஒருநாள் சுஹாஸைப் படிக்கட்டில் வழிமறித்துச் சொன்னார். "நைனா, நான் வேணா சும்மா வுழுந்து காட்றேன். உன் பொட்டி கத்தட்டும், நீ ஓடியா. தாத்தாவ காப்பாத்திட்டேன்னு எய்து. எவனுக்குத் தெரியப் போவுது?"

நான் பக்கத்தில்தான் நின்றேன். நல்ல யோசனை என்றே பட்டது. ஆனால் சுஹாஸ் தலையை ஆட்டிவிட்டான்.

"அது பொய் ஆயிடும் தாத்தா. நடந்தாத்தான் எழுதுவேன்."

அந்த வார்த்தையை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும், மேடம். நடந்தால்தான் எழுதுவேன் என்றான். அன்று ராயப்பேட்டையில் ஒரு சர்வே இருந்தது. வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனேன். பையனைப் பொய் சொல்ல வைக்க எனக்கு மனசு இல்லை. எத்தனையோ பெற்றோர்கள் அதைத்தான் செய்கிறார்கள். நான் செய்யவில்லை. அவன் உண்மையை மட்டும் எழுத வேண்டும் என்றால், உண்மை ஒன்று நடக்க வேண்டும். அதை மட்டும் ஏற்பாடு செய்தேன்.

தீபாவளி போய் அடைமழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிறு. சுஹாஸ் வீட்டில் இருக்க வேண்டும் என்பதற்காக ஞாயிறு. தணிகாசலம் சார் ரயில் ஸ்டேஷன் பக்கம் டீக்கடைக்குப் போவார், வந்ததும் குளிப்பார். அவர் குடையை விரித்துக்கொண்டு தெருமுனை திரும்பியதும் கீழே இறங்கினேன். பாத்ரூம் வாசலில் போட்டிருந்த ரப்பர் விரிப்பை எடுத்துக் கொடியில் காயப்போட்டேன். படிக்குக் கீழே காமாக்ஷி தலைக்குப் போடும் கண்டிஷனரைக் கொஞ்சம் தடவினேன். எண்ணெயாக இருந்தால் பளபளக்கும், சோப்பாக இருந்தால் நுரை தெரியும். இது ஈரத் தரையில் தெரியாது. ஒரு லாட்ஜில் வழுக்கி விழுந்தவரின் கேஸைப் பார்க்கப் போனபோது தெரிந்துகொண்டது.

மேலே வந்து பேப்பரைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். இடுப்பு எலும்பு முறிந்தாலும் இப்போதெல்லாம் நல்ல சிகிச்சை இருக்கிறது, ஆள் நடந்துவிடுகிறார். அதை யோசிக்காமல் நான் செய்யவில்லை.

எல்லாம் சரியாக நடந்தது. போன் அடித்ததும் சுஹாஸ் சாப்பிட்ட கையோடு படிகளில் தாவி இறங்கினான். கதவைத் திறந்து, தரை வழுக்கும் என்று தெரிந்து ஒரு துண்டைப் போட்டு, அதன்மேல் மண்டி போட்டு, அவரைப் புரட்டாமல் தலையை மட்டும் தாங்கிப் பிடித்துக்கொண்டான். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. "ஒண்ணும் இல்ல தாத்தா, நான் வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு பெருமைப்பட்டதில்லை. மணிக்கட்டு முறிவுதான். இடுப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லாரும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய பிறகு நான் தரையைக் கழுவிவிட்டு, விரிப்பை இருந்த இடத்தில் போட்டேன்.

விண்ணப்பத்துக்கான கட்டுரையை அவன் ஒரே மூச்சில் எழுதினான். ஜுவேரியா அதை இரண்டு தரம் படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். புது வருஷம் பிறப்பதற்குள் விண்ணப்பங்கள் போய்விட்டன. அவன் மிகவும் ஆசைப்பட்ட காலேஜிலிருந்து நேர்காணலுக்கு அழைப்பும் வந்தது. அங்கே படித்த ஒருவர் அடையாறில் இருக்கிறார், சனிக்கிழமை காலை காபி ஷாப்பில் சந்தித்துப் பேசுவார். காமாக்ஷி கபாலீஸ்வரர் கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள்.

அந்த வாரம்தான் தணிகாசலம் சார் என்னைக் கூப்பிட்டார்.

"சாமி, கொஞ்சம் உள்ள வா. ஒரு மேட்டர்."

இன்னும் கட்டுப் பிரிக்காத கையை மடியில் வைத்துக்கொண்டு, கதவைச் சாத்தச் சொன்னார்.

"அன்னிக்கு நான் வுழுந்துகினு கெடக்கசொல்ல பாக்கறேன், விரிப்பு கொடில தொங்குது. நான் போடல. ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தா, திரும்ப தரையில கீது. செரி, வயசாச்சு, மறந்திருப்பேன்னு வுட்டேன். ஆனா இன்னொண்ணு கீது சாமி. மூஞ்சி தரையில ஒட்டிக்கினு இருந்துச்சா, கம்முன்னு ஒரு வாசன. ஆப்பிள் வாசன. இந்த மொட்ட மண்டைக்கு எவன் ஷாம்பு போட்டான்?"

நான் யோசிப்பதுபோல இருந்தேன்.

"நீதான் இத்தெல்லாம் நோண்டி எடுக்குற ஆளாச்சே. இன்னான்னு பாத்துச் சொல்லு."

வீட்டு வேலைக்கு வரும் பெண்ணாக இருக்கலாம் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "சே, அந்தப் பொண்ண இழுக்காத, பாவம். நைனாகிட்ட ஒரு தபா கேட்டுப் பாக்கறேன். அவனுக்கு மூக்கு ஷார்ப்பு."

அவர் என்னைச் சந்தேகப்பட்டாரா என்று நீங்கள் நேற்றுக் கேட்டீர்கள். இல்லை என்றுதான் நினைக்கிறேன். சந்தேகப்பட்டிருந்தால் கதவைச் சாத்தச் சொல்லியிருக்க மாட்டார். இருந்தாலும் அதற்குப் பிறகு இரண்டு மூன்று தரம் அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஏதோ இருந்தது மாதிரிப் பட்டது. இந்தத் தொழிலில் இருந்தால் எல்லார் பார்வையிலும் ஏதோ இருப்பது மாதிரித்தான் படும். எனக்கு அவரைப் பற்றிப் பயம் இல்லை. சுஹாஸிடம் ஆப்பிள் வாசனை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் நேராக எங்கள் பாத்ரூம் அலமாரியைப் போய்த் திறப்பான். நேர்காணலில் என்ன பேசுவான்?

"சனிக்கிழமை முடியட்டும் சார்," என்று அப்போதே சொன்னேன். "பையன் மனசைக் கலைக்க வேண்டாம்."

உடனே ஒத்துக்கொண்டார். "கரெக்ட்டு. நைனா போயி ஜெயிச்சிட்டு வரட்டும். அது வரைக்கும் நான் வாயத் தொறக்க மாட்டேன்."

சொன்னபடியே திறக்கவில்லை. நல்ல மனிதர். அதை நான் எப்போதும் மறுத்ததில்லை.

சனிக்கிழமை காலை சுஹாஸும் காமாக்ஷியும் ஆட்டோவில் ஏறினார்கள். அவர் கேட் வரை வந்து, நல்ல கையால் அவன் தலையைத் தொட்டார். ஆட்டோ போனதும் நான் ஒரு பாலித்தீன் கவரை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கட்டு நனையாமல் குளிக்கச் சுற்றிவிடுகிறேன் என்றேன். கையை நீட்டினார். நன்றாகத்தான் சுற்றினேன், ரப்பர் பேண்டு இறுக்காமல் பார்த்துப் போட்டேன். பாத்ரூம் படி வரை கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே கையை விட்டேன்.

படியின் கல்முனை அவர் பின்தலையில் பட்டது. நினைவு இருந்தது. பெட்டி வேலை செய்ய ஆரம்பித்தது. "தாத்தா விழுந்துட்டார், யாராவது வாங்க." வெளியே மெட்ரோ வேலைக்காகத் தெருவைத் துளைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த இரைச்சலில் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்காது. சுஹாஸின் போனுக்குச் செய்தி போயிருக்கும், ஆனால் நேர்காணலுக்காக அணைத்து வைத்திருந்தான். என் பாக்கெட்டிலும் போன் அதிர்ந்தது. கோயம்புத்தூரில் இருந்த மகளுக்கும் போயிற்று. அவள் உடனே என்னைக் கூப்பிட்டாள். எடுத்தேன். பக்கத்தில்தான் இருக்கிறேன், மூச்சு நன்றாக இருக்கிறது, ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருக்கிறது, பயப்படாதேம்மா என்றேன். மூன்றில் இரண்டு உண்மை.

ஹாலில் நாற்காலி இருந்தது, உட்கார்ந்தேன். "சாமி, கை குடு" என்று இரண்டு தரம் கேட்டார். அப்புறம் கேட்கவில்லை. பெட்டி மட்டும் நிற்காமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. என் பையன் குரல் பாருங்கள், எழுந்து போகாமல் இருப்பது கஷ்டமாகத்தான் இருந்தது. ஒன்றை மட்டும் நீங்கள் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பெட்டியை நான் தொடவே இல்லை. அணைக்கவில்லை, வயரைப் பிடுங்கவில்லை. இரண்டு தரமும் அது ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்தது. தாத்தாவைக் காப்பாற்றாத பெட்டி என்று யாரும் சொல்லக் கூடாது.

நேர்காணல் முடிந்து போனைப் போட்டதும் செய்தியைப் பார்த்து, அடையாறிலிருந்தே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டவன் சுஹாஸ்தான். அவன் வந்து சேர்ந்தபோது நான் வாசலில் நின்றிருந்தேன். கடைக்குப் போயிருந்தேன், செய்தியைப் பார்த்து ஓடிவந்தேன், உயிர் போய்விட்டிருந்தது, தூக்கப் பார்த்தேன் என்றேன். உங்களிடமும் அதையே சொன்னேன்.

காரியத்தன்று அவர் மகள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். சுஹாஸின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"உங்கப்பா மட்டும் இல்லேன்னா அன்னிக்கு நான் செத்தே போயிருப்பேன்பா. போன் அடிச்ச உடனே எடுத்தார். அப்பாவுக்கு மூச்சு நல்லா இருக்கு, ஆம்புலன்ஸ் வந்துட்டிருக்குன்னு தைரியம் சொன்னார்."

சுஹாஸ் என்னைப் பார்த்தான். அவன் கேள்வி சரியா என்று யோசிக்கிறவன் என்று சொன்னேன் அல்லவா. அவளை வாசல் வரை கொண்டுபோய் விட்டான். போன பிறகு ஒன்றே ஒன்று கேட்டான்.

"ஆம்புலன்ஸை நான்தானேப்பா கூப்பிட்டேன்?"

நான் பேப்பரை மடித்தேன்.

"ஏன்னா, குழந்தை கேக்கறான், பதில் சொல்லுங்கோளேன்," என்றாள் காமாக்ஷி. அவளுக்கு ஒன்றும் தெரியாது. கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு மெதுவாக அவன் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நான் அவளை அதற்குமுன் அப்படிப் பார்த்ததில்லை. அந்நியர் வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் பிள்ளையை இழுத்துக்கொள்வார்களே, அப்படி.

மறுநாள் காலை யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு ஸ்கூலுக்குப் போகிறவன் மாதிரிக் கிளம்பினான். உங்களிடம் வந்துவிட்டான்.

உங்கள் கான்ஸ்டபிள் எழுதியிருப்பதில் ஒரு இடத்தைத் திருத்த வேண்டும், மேடம். "கையை விட்டேன்" என்று இருக்கிறது. நான்தான் அப்படிச் சொன்னேன். அது சரியில்லை. தள்ளினேன். மார்பில் கையை வைத்துத் தள்ளினேன். அவர் விழும்போதுகூட என் சட்டையைத்தான் பிடிக்கப் பார்த்தார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

சுஹாஸ் எல்லாக் காலேஜுக்கும் எழுதி, விண்ணப்பங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டான் என்று இப்போது சொன்னீர்கள். என்னைப் பார்க்க வரமாட்டான் என்றும் சொன்னீர்கள். எனக்கு வருத்தம் இல்லை. ஒரு வருஷம் போனால் போகட்டும், அடுத்த வருஷம் போடலாம். நீங்களே யோசித்துப் பாருங்கள். பெட்டி யார் வேண்டுமானாலும் செய்யலாம். பதினேழு வயதுப் பையன், பெற்ற அப்பா என்றுகூடப் பார்க்காமல், தனியாக ஸ்டேஷனுக்கு நடந்து வந்து உண்மையைச் சொல்லியிருக்கிறான். உலகத்தில் எந்தப் பிள்ளையிடம் இப்படி ஒன்று இருக்கிறது? ஒரு எழுத்துப் பொய் இல்லை. எல்லாம் நடந்தது. ஜுவேரியாவிடம் சொன்னால் அவளுக்கே புரியும்.

அவனைப் பார்த்தால் ஒன்று மட்டும் சொல்லுங்கள், மேடம். கட்டுரையில் என்னை முதல் பத்தியிலேயே கொண்டுவந்துவிட வேண்டாம். கடைசிக்கு வைத்துக்கொள்ளட்டும்.